பாட்டியின் பெயரும் பாடகர் பெயரும்

(அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரக் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "சுயமரியாதைக்காரருக்குக் கச்சேரியில் என்ன வேலை?" என்று சிலர் சிரிக்கலாம். வேலை இருக்கிறது என்பதைச் சொல்லவே வந்தோம்.

அரக்கோணத்துப் பாடகர் அறிவு என்பவரை உங்களில் வாலிபர்கள் நன்றாய் அறிவார்கள். பா. ரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிற்று. ஜாதியற்றவர் கூட்டம் என்பதே அப்பெயருக்கு அர்த்தம். சாவு வீட்டுக்குத்தான் லாயக்கென்று ஒதுக்கப்பட்ட பறையும் கானாவும் அங்கே நடுமேடையில் நின்றன. அதன் முன்னணிக் குரல்களில் ஒருவர் அறிவு. 2019-இல் ஓஃப்ரோ என்பவருடன் கூட்டாகத் "தெருக்குரல்" தொகுப்பைக் கொண்டுவந்தார். 2024-இல் தம் தனிப் பெயரில் கொண்டுவந்த தொகுப்புக்கு "வள்ளியம்மா பேராண்டி" என்று பெயர் வைத்தார்.

யார் இந்த வள்ளியம்மா? கடவுளா? ஜமீன் வீட்டு அம்மாளா? இல்லை. அவருடைய பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்.

இந்தக் கதை நமக்கு அந்நியமா? மழை பொய்த்துக் கம்மாய் வறண்டபோதெல்லாம், கங்காணி பேச்சை நம்பி, இந்தப் பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து கடல் கடந்தவர்கள் கொஞ்சமா? அந்தத் தோட்டத் தொழிலாளரைத்தான் இலங்கையின் 1948-ஆம் வருஷச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு சர்க்கார்களும் பங்கு போட்டன. தலையை எண்ணினார்களே ஒழிய, பெயரைக் கேட்டார்களா?

அந்தப் பாட்டியின் வாழ்வை வைத்தே 2021-இல் "எஞ்சாயி எஞ்சாமி"யை அறிவு எழுதிப் பாடினார். பாட்டு உலகெங்கும் பரவிற்று. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" பத்திரிகையின் அட்டையில் கூடப் பாடியவர் படம் இருந்தது; எழுதியவர் படம் இல்லை! ரஞ்சித் முதலியோர் கேட்ட பின்னரே அவர் படமும் வந்தது.

"குழுவில் இருந்தவர் தனியே பெயர் போட்டுக்கொள்வது சுயநலமல்லவா?" என்பீர்கள். உழைப்பவன் தன் பெயரைச் சொன்னால் மட்டும் சுயநலமா? மேலும் அவர் முன்னே நிறுத்தியது பாட்டியையல்லவா?

பத்திரிகையை விடுங்கள், நம் ஊர்ப் பொங்கல் நோட்டீஸைப் பாருங்கள். பத்து ரூபாய் கொடுத்தவன் பெயர் ஜாதிப் பட்டத்தோடு இருக்கும். விடிய விடியக் கொட்டியவருக்கு "மேளதாளத்துடன்" என்ற ஒரு வார்த்தைதான்! கொட்டு வேண்டும், கொட்டுகிறவன் பெயர் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

அறிவுக்குக் கட்டவுட் வைத்துப் பாலூற்றும்படி நாம் சொல்லவில்லை. அது வேறொரு மூடத்தனம். அடுத்த நோட்டீஸில் கொட்டுகிறவர் ஒவ்வொருவர் பெயரையும் அச்சடியுங்கள். கூலியை முன்னதாகவே பேசி, குறையாமல் கையில் கொடுங்கள். அதற்கு மனமில்லாதவர்களுக்கு அந்தக் கொட்டைக் கேட்க மட்டும் என்ன யோக்கியதை இருக்கிறதென்று கேட்டு, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.