இறந்தவர்களின் வேலையை யார் தொடர்வது?



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்கிவிட்டுக் கலைவது வழக்கமாகிவிட்டது. பொன்னேரியில் கூடியிருக்கும் நாம், அண்மை ஆண்டுகளில் மறைந்த மூன்று பேரை இன்று நினைக்கிறோம். அவர்கள் விட்டுச்சென்ற வேலையில் நம் பங்கு என்ன என்பதே நமது கேள்வி.

கெயில் ஓம்வெட் 2021 ஆகஸ்ட் 25 அன்று மகாராஷ்டிரத்தின் காசேகாவில் மறைந்தார். அமெரிக்காவில் பிறந்த அவர், மேற்கு இந்தியாவின் பிராமணரல்லாதார் இயக்கத்தை ஆராய்ந்து 1973இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டத்தோடு பல்கலைக்கழகத்துக்குள் அடங்கிவிடவில்லை. 1983இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். கிராமத்திலேயே வாழ்ந்து உழவர், தலித், பெண்கள் போராட்டங்களில் நின்றார்.

ராஜ் கௌதமன் 2024 நவம்பர் 13 அன்று மறைந்தார். விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் பிறந்தவர். சங்கப் பாட்டை அவர் பழம்பெருமைக்காகப் படிக்கவில்லை. அந்தச் சமூகத்தில் யாருடைய உழைப்பில் யார் வாழ்ந்தார்கள், யாருடைய அறம் யாருக்கு அதிகாரமானது என்று கேட்டார். 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவலில் தன் வாழ்க்கையையே எள்ளலோடு எழுதி, தலித் எழுத்து என்றால் அழுகைதான் என்ற எதிர்பார்ப்பை உடைத்தார்.

கென்யாவின் கூகி வா தியாங்கோ 2025 மே 28 அன்று அமெரிக்காவில் மறைந்தார். ஆங்கில நாவல்களால் புகழ்பெற்றிருந்த அவரை அரசு சிறையில் அடைத்தது எப்போது தெரியுமா? 1977இல், கமிரீத்து கிராமத்து உழவர்களும் தொழிலாளர்களும் தங்கள் கிக்குயு மொழியிலேயே நடித்த நாடகத்துக்குப் பிறகு. விசாரணையின்றி ஓராண்டு சிறை. அங்கே கழிப்பறைக் காகிதத்தில் கிக்குயு மொழியில் அவர் எழுதிய நாவலைத் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று படித்திருக்கிறோம்.

இந்த மூவரையும் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போவோம். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. செதுக்கிய கற்களில் பெயர், தேதி எல்லாம் உண்டு. ஒன்றிய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதே 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை இந்தத் துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியது டச்சுக் கம்பெனி. அவர்களுக்குக் கல் இல்லை. கம்பெனிக் கணக்கில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

இது பழங்கதை மட்டுமல்ல. ஏரியில் வலை கட்டும் இடத்தை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' வழக்கத்தை அறிஞர்கள் கூட்டு மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள். அது பட்டினவர் ஊர்களின் உரிமை. தலித் மீனவரும் இருளரும் நெடுங்காலமாக அதற்கு வெளியே. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தப் பங்கீட்டில் சீட்டு இல்லை. நீர் பொதுவென்றால் பாடு ஏன் பொதுவில்லை? ராஜ் கௌதமன் இதைத்தான் கேட்டிருப்பார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் போங்கள். முதியவர்களின் பெயர், தொழில், எந்த நீரில் இறங்கினார்கள், எங்கே தடுக்கப்பட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் பேச்சைப் பாடநூல் தமிழாக்கிவிடாதீர்கள். கூகி சிறைப்பட்டது அந்தப் பேச்சுக்காகத்தான். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். பங்கு கேட்டு அவர்கள் நிற்கும் நாளில் அது அவர்கள் கையில் சான்றாக இருக்கட்டும்.

மறைந்த மூவருக்கும் நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே. ஜெய் பீம்.