துண்டு கட்டிய கர்னல்



தோட்டத்தில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் உண்டு. அந்தத் தாளில் எழுத்தறியாதவரும் தாமே பார்த்துச் சிரித்தது ஒன்று: கேலிச் சித்திரம். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

1891-இல் நியூசிலாந்தில் பிறந்தவர் டேவிட் லோ. 1919-இல் லண்டன் சென்றார். 1927 முதல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' என்ற மாலைத்தாளில் படம் வரைந்தார். ஒரு நாள் நீராவிக் குளியல் கூடத்தில் இரண்டு இராணுவக்காரர்கள் பேசியது அவர் காதில் விழுந்தது. குதிரைகள் போய் டாங்கிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. குதிரையை விரட்டக் காலணியில் மாட்டும் முள்ளை, டாங்கிக்குள்ளும் அணிய அதிகாரிகளுக்கு உரிமை வேண்டும் என்றார்களாம். இரும்பு வண்டியை முள்ளால் குத்தினால் ஓடுமா?

அந்தப் பேச்சிலிருந்து 1934-இல் பிறந்தவரே 'கர்னல் பிளிம்ப்'. உருண்டைத் தலை, பெருந்தொந்தி, தொங்கு மீசை, இடுப்பில் ஒரு துண்டு. குளியலறையில் நின்றபடி உலகத்துக்கே புத்தி சொல்வார். சாம்ராஜ்யம் அசையாது, புதியது எதுவும் வேண்டாம் என்பது அவர் போக்கு. வீராப்பாகத் தொடங்கும் பேச்சு, முடிவதற்குள் தன்னையே மறுத்துவிடும். பதக்கமும் சீருடையும் இருந்தால் அதுவே கம்பீரமாகத் தோன்றியிருக்கும். லோ சீருடையைக் கழற்றினார்; பேச்சின் வெறுமை தெரிந்துவிட்டது.

ஹிட்லரையும் அவர் அசடராகவே வரைந்தார். 1937-இல் ஜெர்மனி சென்ற பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபுவிடம், இந்தப் படங்களைப் பற்றிக் கோயபல்ஸ் முறையிட்டார். படை வைத்திருந்தவர்களுக்கும் சிரிப்பைத் தாங்க முடியவில்லை!

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மலாயாவிலும் பிளிம்புகள் இருந்தார்கள். ஜப்பானியரை இளக்காரமாக எண்ணினார்கள். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோல்விக்குக் காரணங்கள் பல. அந்த இளக்காரமும் அவற்றுள் ஒன்று. அதன் விலையை நம் லயங்களும் கொடுத்தன. சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழரில் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை.

ஆனால் எல்லாக் கேலியும் நல்ல கேலி அன்று. ஆளப்பட்ட மக்களைக் குழந்தைகளாகவும் முட்டாள்களாகவும் வரைந்து சிரித்த ஏடுகளும் அந்நாளில் இருந்தன. ஆகவே, ஒரு கேலிச் சித்திரத்தைக் கண்டால் பிள்ளைகளோடு அமர்ந்து இரண்டு கேள்விகள் கேட்போம். இது யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது? அவர் வலியவரா, எளியவரா? விடை தெரிந்த பிறகு, சிரிப்பதா வேண்டாமா என்று நாமே முடிவு செய்யலாம்.