வீட்டைக் குளிர்விக்கும் நிலத்தடிக் குழாய்

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும், சித்திரை நண்பகலில் குளிர்ச்சியாகவும் இருப்பதை அறிவீர்கள். உண்மையில் நீரின் வெப்பம் அதிகம் மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றே. 3 மீட்டர் ஆழத்திற்குக் கீழே மண்ணின் வெப்பநிலை, அவ்வூர்க் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். தமிழக உள்மாவட்டச் சமவெளிகளில் இது ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ்.

டெல்லியை அடுத்த குவால் பஹாரியில், டெரி நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் 4 மீட்டர் ஆழத்தில் புதைத்த சுரங்கக் குழாய்களின் வழியே அறைகளுக்குக் காற்று செலுத்தும் அமைப்பு உள்ளது. அங்கே குளிர்காலத்தில் இதுவே வெப்பமும் தரும். நமக்குக் கோடைக் குளிர்ச்சி மட்டுமே பயன்.

அமைக்கும் முறை

110 மி.மீ. பி.வி.சி. குழாயை 30 மீட்டர் நீளத்திற்கு, 3 மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். இணைப்புகளைப் பசையிட்டு அடைக்கவும். வெளிவாய்ப் பக்கம் 30 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும், குழாயில் வியர்க்கும் நீர் வடிய அம்முனையில் மூடியிட்ட சிறு தொட்டி வேண்டும். வெளிவாயை நிழலில் உயர்த்தி, கொசுவலை கட்டவும். வீட்டு முனையில் சிறு மின்விசிறி பொருத்தவும். ஈரமண்ணை இறுக்கி மூடி, மேலே கீரைப் பாத்தி அமைத்தால் மண் குளிர்ந்திருக்கும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால், 40 டிகிரி காற்று சுமார் 31 டிகிரியாக வரும். கணக்கிட்டால் இது ஏறத்தாழ 300 வாட் குளிர்ச்சி. ஒரு டன் ஏ.சி.யில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அறையின் புழுக்கம் தணியும், ஏ.சி.யின் சில்லிப்பு வராது. காய்கறி சேமிக்கவும் இது உதவாது. இரவில் வெளிக்காற்று 28 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விசிறியை நிறுத்திச் சன்னலைத் திறந்து விடுங்கள்.

எச்சரிக்கை

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான செங்குத்துக் குழியில் யாரும் இறங்கக் கூடாது. மண் சரிந்தால் உயிர் போகும். பக்கங்களைப் படிப்படியாகச் சரித்தே வெட்ட வேண்டும். பாறை நிலத்திலும், நீர்மட்டம் மேலே உள்ள இடத்திலும் இம்முயற்சி வேண்டாம்.

இதற்கெனக் கடன் வாங்காதீர்கள். முதலில் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பண்ணைக் குட்டை வெட்டப் பொக்லைன் வரும் நாளில் இந்தப் பள்ளத்தையும் தோண்டிக் கொண்டால் செலவு குறையும். அதற்கு முன், ஒரு கோடை நண்பகலில் கிணற்று நீரின் வெப்பநிலையை அளந்து பார்த்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.