கதவைத் தட்டும் சொல்



ஆங்கில வினைச்சொல் ஒன்றோடு சின்னஞ்சிறு இடைச்சொல் ஒன்று சேர்ந்துவிட்டால், அதிற் பிறக்கும் பொருளை ஊகித்தறிதல் அரிது. 'நொக் அப்' என்னும் தொடரைப் பாருங்கள். 'நொக்' என்றால் தட்டுதல். 'அப்' என்றால் மேலே. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

இங்கிலாந்தில் இதற்குக் கதவைத் தட்டித் துயிலெழுப்புதல் என்பது பொருள். ஆர்தர் கொனன் டொயில் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையொன்றில், காலையில் நண்பர் வொட்சனை எழுப்பிவிட்டு வருத்தந் தெரிவிக்கும் ஷெர்லொக் ஹோம்ஸ் இத்தொடரையே வழங்குகிறார். வீட்டுக்கார அம்மையாருக்கும் அன்று அதே கதிதான்!

எழுப்புவதையே தொழிலாகக் கொண்டோரும் அந்நாட்டில் இருந்தனர். ஆலைக்குப் பிந்தி வந்தவருக்குக் கூலியில் வெட்டு விழும். மணிக்கூடு வாங்க வகையற்ற தொழிலாளர், வாரத்துக்குச் சில பென்ஸ் கொடுத்து இவர்களை அமர்த்திக்கொள்வர். பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் நகரங்களில், இருள் பிரியுமுன் நீண்ட கழியால் மாடிச் சன்னல்களைத் தட்டிக்கொண்டு இவர்கள் தெருத்தெருவாகச் செல்வர். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்னும் மாது, குழாயொன்றில் உலர்ந்த பட்டாணியை இட்டு ஊதிக் கண்ணாடியிற் படச் செய்வார். அவர் ஊதும் நிழற்படத்தை இன்றுங் காணலாம். இவர்களை எழுப்பியவர் யாரோ! மலிவான அலாரம் மணிக்கூடு வந்தபின் இத்தொழில் மெல்ல மங்கி மறைந்தது.

களைத்துச் சோர்தல் என்பது வேறொரு பழைய பொருள். ஜேன் ஒஸ்ரின் 1814இல் வெளியிட்ட 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலில், உடற்பயிற்சி போதாமையால் பனி என்னும் இளம்பெண் விரைவில் 'நொக் அப்' ஆகிவிடுகிறாள் என்று கூறப்படுகிறது. அவசரமாக உணவு சமைத்தலும், கிரிக்கெட்டில் ஓட்டங்கள் குவித்தலும், டெனிஸ் ஆட்டத்துக்கு முன் பந்தடித்துப் பழகுதலுங்கூட இத்தொடருள் அடங்கும்.

அமெரிக்காவிலோ நிலை வேறு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, பெண்ணைக் கருவுறச் செய்தல் என்னும் கொச்சைப் பொருள் இதற்கு ஏறிவிட்டது. பெரும்பாலும் எதிர்பாராத கருப்பத்தையே அது குறிக்கும். 2007ஆம் ஆண்டில் இதையே பெயராகக் கொண்ட ஹொலிவூட் படம் ஒன்றும் வெளிவந்தது. ஒரு பெண்ணின் வாழ்வையே மாற்றும் நிகழ்ச்சியை, யாரோ அவள்மீது செய்துவிட்டுப்போன காரியம்போல இத்தொடர் பேசுகின்றது. எனக்கு அது உவப்பன்று. ஹோம்ஸின் வருத்த மொழியும் பனியின் களைப்பும் இன்று அமெரிக்க வகுப்பறைகளில் நகைப்புக்கு இடமாகின்றன; பாவம், எழுதியவர்மீது குற்றமில்லை.

நமக்குள்ளும் இத்தகைய மயக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தார் 'பிறகு கதைப்போம்' என்றால், தமிழகத்தார் கதை கேட்கப்போவதாக ஒருகணம் திகைப்பர். ஆனால் அதனால் எவருக்கும் மானக்கேடு நேராது. அமெரிக்க விடுதியொன்றில் தங்கும் நம்மவர் ஒருவர், பழைய ஆங்கில நூலிற் கற்றபடி, காலை ஆறு மணிக்குத் தம் மனைவியை 'நொக் அப்' செய்யும்படி பணியாளரை வேண்டினால் என்னாகும்? 'வேக் அப்' என்று சொல்லிவிடுங்கள். உரிய நேரத்தில் தொலைபேசி மணி அடிக்கும்.