கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு

தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் போகிறீர்கள். இலைமேல் பறவை எச்சம் ஒட்டிக்கிடக்கிறது. உற்றுப் பாருங்கள், அது நகரும்! கறுப்பும் மஞ்சளுமாகத் தோட்டத்தில் பறக்கிற எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அது. பறவைகள் கொத்தாமல் இருக்கத்தான் இந்த வேஷம்.

தூக்கி எறிந்துவிடாதீர்கள். நான்கைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று வட்டம் போட்ட படத்தை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். படத்தில் காத்திருப்பு கிடையாதே.

புழு நான்கு முறை தோலுரிக்கும். கடைசியில் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவையாக ஒரு கொம்பு நீளும், காட்டமான வாடை வரும். பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

புழு வளர்த்துப் பார்க்கும் ஆசை புதிதல்ல. மரியா சிபில்லா மேரியன் என்ற பெண் ஜெர்மனியில் 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். சேற்றிலிருந்து பூச்சிகள் தாமாகவே பிறக்கின்றன என்று பலர் நம்பிய காலம் அது. 1679-இல் புழுக்களை அவை தின்னும் செடியோடு வரைந்து புத்தகமாக்கினார்.

நம் புழு பட்டாம்பூச்சியாகிக் கூட்டிலிருந்து வரும்போது இறக்கை கசங்கியிருக்கும். பிரித்துவிடுகிறேன் என்று பிள்ளை கை நீட்டும். தடுத்துவிடுங்கள். உடலின் நீர்மத்தை உள்ளே செலுத்தி அதுவே இறக்கையை விரித்துக்கொள்ளும்.

வளர்க்க ஒரு பெரிய ஜாடி, வாயில் கட்டக் கொசுவலைத் துண்டு, தினம் மருந்தடிக்காத புது இலை, அவ்வளவு போதும்.