'மறு' என்ற இரண்டெழுத்து



இன்றும் நாளையும் வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களை நேற்று இரவு அடையாறு வீட்டில் உட்கார்ந்து படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'மறுவாழ்வு' வருகிறது. நானும் முப்பது ஆண்டுகளாக நோயாளிகளின் கோப்புகளில் எழுதிவரும் சொல்தான். போதைக்கு ஆளான வளரிளம் பருவத்தினரைப் பற்றிய கருத்தரங்கில் அந்தச் சொல்லோடு கொஞ்சம் சண்டை போட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

நாற்பது வயதில் குடிநோயோடு வருகிறவருக்குத் திரும்பிப் போக ஒரு வாழ்க்கை இருந்தது. பார்த்த வேலை, கட்டிய வீடு, பேச்சை நிறுத்திவிட்ட தம்பி. இவற்றில் பாதியையாவது மீட்டுத் தரலாம். பதினான்கில் தொடங்கிப் பதினாறில் வருகிற பிள்ளைக்கு எதை மீட்பது?

மந்தைவெளியிலிருந்து ஒரு தாய் வந்தார். கையில் பால் கணக்கு நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில் மகனைப் பற்றி நாள் போட்டு எழுதிவைத்திருந்தார். ஜூன் மாதம்: 'கிரிக்கெட் போகலை.' ஆகஸ்ட்: 'எதிர்வீட்டுப் பையன் வந்து கூப்பிட்டான், தூங்கறேன்னு சொல்லச் சொன்னான்.' நவம்பரில் டியூஷனுக்குக் கொடுத்த பணம் இரண்டு முறை எழுதப்பட்டு, இரண்டு முறையும் அடிக்கப்பட்டிருந்தது. பங்குனியில் ஒரே வரி: 'அறுபத்துமூவருக்குப் பாட்டியோட போகலை.' பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனில் தொடங்கி, கஞ்சாப் பொட்டலத்துக்குப் போய், வலி மாத்திரையில் நின்ற கதை அது. ஆனால் போதைப்பொருளின் பெயர் அந்த நோட்டில் எங்குமே இல்லை. அவனிடமிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தவைதான் இருந்தன. நான் படித்த நோய் வரலாறுகளில் அதைவிடத் துல்லியமானது வேறில்லை.

சிகிச்சையின் மூன்றாவது வாரம் அவன் அப்பா வந்தார். "பழையபடி ஆயிட்டாப் போதும் டாக்டர்" என்றார். பையன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "பழையபடின்னா எது சார், எட்டாம் கிளாஸா?"

என்னிடம் பதில் இல்லை.

நம் சென்னைக்கு இந்தச் சிகிச்சைத் துறையில் ஒரு மரபு உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை, இங்கே இந்திரா நகரில்தான் இருக்கிறது. குடியை ஒழுக்கக்கேடாகப் பார்த்த காலத்தில் அதை நோய் என்று சொன்னதும், நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் உட்கார வைத்ததும் பெரிய காரியம். ஆனால் நாம் பழகிய முறைகள் பெரும்பாலும் வயதுவந்தவரை மனத்தில் வைத்து உருவானவை. பதினாறு வயதுப் பையனை நாற்பது வயதுக்காரர்களின் குழு அமர்வில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? அவர்கள் இழந்ததைச் சொல்லி அழுவார்கள்; இவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எண்களும் இந்த வயதுப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கச் சொல்கின்றன. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், முகர்ந்து ஏற்றும் போதை ஒன்றில்தான் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் விகிதம் கூடுதல்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம். இந்தப் போதைக்கு உதவி தேவைப்படும் சிறுவர்கள் 4.6 லட்சம். மூளையும் அதையே சொல்கிறது: கூட்டாளி தரும் சந்தோஷத்தை உடனே வாங்கிக்கொள்ளும் மூளைப்பகுதி அந்த வயதில் முழு வேகத்தில் இருக்கிறது. பொறு, யோசி என்று சொல்லவேண்டிய முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. போதைக்கு இழுக்கப்படும் நிலையிலுள்ள சிறாரைப் பாதுகாப்பு தேவைப்படுபவர் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பள்ளி வாசலில் நிலைமை வேறு. நான் சொன்ன பையனுக்கு, அவன் சிகிச்சையில் இருந்தபோதே டி.சி. தயாராகிவிட்டது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தலைமையாசிரியருக்கும் மற்ற பெற்றோர்களின் நெருக்கடி இருந்திருக்கும். ஆனால் விளைவைப் பாருங்கள். வீடு திரும்பியவனுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போக இடமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு லஸ் முனையில் அவனுக்காகக் காத்திருந்தவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டுமே.

அவன் இரண்டாம் முறை சிகிச்சைக்கு வந்தபோது மருந்தை மாற்றவில்லை. ஒரு மெக்கானிக் கடைக்காரரிடம் பேசினோம். தனித்தேர்வுக்குப் பணம் கட்டினோம். நோயாளியின் கோப்பில் இவற்றை எழுதக் கட்டமே கிடையாது. பக்க ஓரத்தில் எழுதினேன்.

கட்டுரை வாசிக்கப்போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் எத்தனை மாதம் தொடாமல் இருந்தார்கள் என்று அட்டவணை காட்டுவீர்கள். அதில் இன்னொரு பத்தி சேர்க்க முடியுமா? வீடு திரும்பிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை எங்கே இருந்தான் என்று. தரவு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். என்னிடமும் அந்த ஒருவனுடையதுதான் இருக்கிறது.

முதல் கட்டுரையாளர் வரலாம்.