பிழைத்த பிள்ளையும் பெற்றோரும்

(கிளைச் சங்க மாதர் பகுதிக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசிப் பழகிய இந்த மேடையில் நான் இன்று பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "கிராணிக்கு வேறு வேலை இல்லையா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். பேச்சு கூலியிலேதான் வந்து நிற்கும்.

நம் தோட்டத்தின் கீழ் லயத்தில் ஒரு பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம். அவனுக்கு மூன்று வயதானபோது காய்ச்சல் வந்து விடவேயில்லை. முகம் வெளுத்தது, அடிபடாமலே கை கால்களில் நீலம் பாய்ந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து இரத்தப் புற்றுநோய் என்றார்கள். தாயும் தகப்பனும் பால் வெட்டுகிறவர்கள். தாய் தன் நிரையை விட்டுவிட்டுப் பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாள். தகப்பன் ஒருவனே வெட்டினான், ஞாயிற்றுக்கிழமையும் வெட்டினான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து, ஊசி, முதுகுத் தண்டில் ஊசி. இப்போது வைத்தியம் முடிந்து ஓராண்டாகிறது. தலைமுடி முளைத்துவிட்டது. பையன் லயத்து வாசலில் பந்து உதைக்கிறான்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இந்த வகை இரத்தப் புற்றுநோயே அதிகம். அதுவும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் மிகுதி. 1960-ஆம் ஆண்டு வாக்கில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று வசதி மிக்க நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமடைகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் மலேசிய வைத்தியர்களும் சிங்கப்பூர் வைத்தியர்களும் கூட்டாக ஒரு சிகிச்சை முறையைத் தொடங்கினார்கள். எலும்பு மச்சையில் நோயணு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்த்து, விரைவில் குணம் காட்டும் பிள்ளைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தார்கள். குறைத்தும் பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்த முடிவு 2012-இல் வெளியாயிற்று. நமக்குப் பெருமை தரும் காரியம் அது.

நிற்க. பிள்ளை பிழைத்துவிட்டான், கதை முடிந்தது என்று நாம் எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

ஒரு நாள் மாலை செக்ரோல் விஷயமாக அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் அக்காளின் பள்ளிப் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்தான். அவள் கேட்டதற்குப் பால் டின்னை எடுத்து அவள் மேல் எறிந்தான். தாய் ஓடிவந்து கையை ஓங்கினாள். பையனைப் பார்த்ததும் கை தாழ்ந்தது. திரும்பி அந்தப் பெண் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள். "தம்பி நோவுல கிடந்த பிள்ளை, நீதாண்டி விட்டுக்குடுக்கணும்!" நான் என்ன செய்தேன் தெரியுமா? பையில் இருந்த மிட்டாயை எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். பத்து வயதுப் பெண் என்னைப் பார்த்து, "எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தா நல்லாருக்கும் மாமா" என்றாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தாயைக் குறை சொல்ல வரவில்லை. இரண்டு ஆண்டுகள் பிள்ளையைச் சாவு வாசலில் வைத்துக் காவல் இருந்தவள் அவள். "அவன அழவிட்டா நோவு திரும்பிடுமோன்னு பயமா இருக்கு, கிராணி ஐயா" என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். மருந்துகளும் சும்மா விடுவதில்லை. இந்த வைத்தியத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து பிள்ளைக்கு அடங்காத பசியையும் அடங்காத கோபத்தையும் தரும். நடுராத்திரியில் சோறு கேட்டு அழுவான். இன்னொரு மருந்து பாதத்தின் நரம்பைத் தளர்த்தும். நடக்கையில் தடுக்கி விழுவான். சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் கவனம் சிதறும், கணக்கு மெதுவாகத்தான் ஏறும். எது நோயின் மிச்சம், எது மருந்தின் மிச்சம், எது வெறும் பிடிவாதம் என்று தாய் எப்படிப் பிரித்தறிவாள்? ஆஸ்பத்திரியில் தாதி இருந்தாள், கேட்டாள். லயத்தில் யாரைக் கேட்பாள்? பாட்டி ஒன்று சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி வேறொன்று சொல்கிறாள்.

ஆஸ்திரேலியாவும் தூரம் மிகுந்த தேசமே. அங்கே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கேஸ்கேட்' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். வைத்தியம் முடிந்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அவரவர் வீட்டில் இருந்தபடியே இயங்கலையில் திரை வழியாகக் கூடுவார்கள். உளவியல் நிபுணர் ஒருவர் நடுவில் இருந்து நடத்துவார். வாரம் ஒரு முறை, நான்கு வாரம். இதைப் படித்ததும், நம் பையனைப் பார்த்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஆலோசகர் அம்மையார் ஒருவரிடம் கேட்டேன். அவர் தம் ஓய்வு நேரத்தில் நான்கு வாரம் பேச ஒப்புக்கொண்டார். நம் தாயும், வேறு தோட்டங்களிலிருந்து ஐந்து குடும்பங்களும் கைத்தொலைபேசி வழியாகக் கூடினார்கள்.

முதல் வாரம் பாழ். இரவு ஒன்பது மணிக்கு வைத்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் போகிறவள் ஒன்பது மணிக்கு எப்படிக் கண் விழித்திருப்பாள்? லயத்தில் அலைவரிசையும் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் முகம் தெரியும். அப்படியே கிடைத்தாலும், பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அழுதால் அந்தப் பக்கம் கேட்கும். எந்தத் தாய் வாய் திறப்பாள்? இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாற்றி, ஆபீசு அறையைத் திறந்து கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

உள்ளே நடந்ததை நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்தத் தாய் என்னிடம் சொன்னதை, அவள் அனுமதியோடு சொல்கிறேன். பிள்ளைக்குச் சாப்பாடும் தூக்கமும் வேளை தவறாமல் இருக்க வேண்டுமாம். நோயில் குலைந்த நாள் ஒழுங்குதான் அவனுக்குத் தைரியம் தருமாம். அடிக்கவும் வேண்டாம், அடங்கிப் போகவும் வேண்டாம்; கூடாது என்றால் சாந்தமாக ஒரே தடவை சொல்லி, சொன்னபடி நிற்க வேண்டுமாம். அப்பா சொன்னதைப் பாட்டி மாற்றக்கூடாதாம். இது எவ்வளவு கஷ்டம் என்று பாட்டி இருக்கும் வீட்டாருக்குத் தெரியும். அவனுக்கும் ஒரு சின்ன வேலை கொடுக்கச் சொன்னார்கள். இப்போது கோழிக்குத் தீனி போடுவது அவன் பொறுப்பு. அக்காளுக்கென்று தினம் கால் மணி நேரம், தம்பி இல்லாமல். காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திராமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். அங்கே பிடிவாதமா நோயா என்ற விசாரணை இல்லை. அம்மையோ மணல்வாரியோ ஆயாக் கொட்டகையில் கண்டால் அன்றே சொல்லியனுப்ப வேண்டும். விட்டுப்போன தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

இவற்றைவிட அவளைத் தேற்றியது வேறொன்று. இரத்தச் சோதனைக்கு முந்திய இரவு தனக்கு மட்டும்தான் தூக்கம் வராது என்று நினைத்திருந்தாளாம். திரையில் இருந்த மற்ற ஐந்து தாய்மாரும் அதையே சொன்னார்களாம். தகப்பன்மார் ஒருவரும் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். தோழர்களே, பிள்ளை உங்களுடையதும் அல்லவா?

இனிக் கூலிக்கு வருகிறேன். வைத்தியம் முடிந்த பிறகும் சோதனைக்கு ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் சொற்பம். பஸ் செலவும் போன நாள் கூலியும்தான் குடும்பத்தைச் சாய்க்கின்றன. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தன. பிரசவ விடுப்பு 98 நாளாயிற்று. தகப்பனுக்கு 7 நாள் கிடைத்தது. வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் நோயுற்ற பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று தனி விடுப்பு அதில் இல்லை. அந்தத் தாய் சோதனைக்குப் போன ஒவ்வொரு நாளும் செக்ரோலில் 'வரவில்லை' என்று எழுதியது யார்? நான்தான். என் கைதான். சட்டப்படி சரியாகவே எழுதினேன். வருகைக்கான சலுகைப் பணம் அவளுக்கு வெட்டுப்பட்டது.

ஆகவே இரண்டு தீர்மானங்களை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டுக் காட்டினால் அந்த நாளை அனுமதி பெற்ற விடுப்பாகப் பதிய வேண்டும், சலுகையை வெட்டக்கூடாது என்று நிர்வாகத்திடம் கேட்பது ஒன்று. கிளைச் சங்க அறையில் இணையத் தொடர்பும் காது ஒலிவாங்கியும் வைத்து, ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை இத்தகைய பெற்றோருக்கு விடுவது மற்றொன்று. "ஆறு குடும்பத்துக்காக அறையா?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். கேரம் பலகைக்கு அந்த அறையை வாரம் ஏழு நாளும் கொடுத்திருக்கிறோம், ஐயா. இரண்டு மணி நேரம் பலகை சுவரில் சாய்ந்து நிற்கட்டும்.

அடுத்த தொகுதி தொடங்க அம்மையார் சம்மதித்திருக்கிறார். பிள்ளைக்கு எந்த வகைப் புற்றுநோய் வந்து தீர்ந்திருந்தாலும் சேரலாம். பக்கத்துத் தோட்டத்தாரும் வரலாம். பெயரைப் பலகையில் எழுத மாட்டோம். மாதர் பகுதிச் செயலாளரிடம் காதோடு சொன்னால் போதும். பிள்ளைகளைக் கூடவே அழைத்து வாருங்கள். பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது. மூன்றரைக்கே வந்து திறந்து வைப்பேன்.